அரை அங்குல மரை

அமெரிக்காவில் கடை விஷயம், பெங்களூரில் ஜெயில் விஷயம். சிறு வேட்டைக்கான சத்தமில்லாத ரைஃபிளைத் தேடுபவருக்கு இந்த நகரம் சொல்லும் பதில் என்ன?

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் மரை போடத் தெரியாத லேத் பட்டறை இல்லை. விமானப் பாகமோ பம்ப் தண்டோ, வரைபடத்தைக் கொடுத்தால் நூலிழை பிசகாமல் வெட்டித் தந்துவிடுவார்கள். ஒரு சிறிய ரைஃபிளின் குழல் முனையில் அரை அங்குல மரை வெட்டுவது அங்கே ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அந்த டீ ரொம்பக் கசக்கும். உரிமம் இல்லாத பட்டறை துப்பாக்கியைச் செய்தாலோ, மாற்றினாலோ, பழுது பார்த்தாலோ 2019ல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்.

இத்தனைக்கும் உலகின் பல பகுதிகளில் மரை வெட்டிய குழல் என்பது கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சரக்கு. முயலும் அணிலும் சுடப் போகிறவர் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரி ரைஃபிளைத்தான். பாயின்ட் 22 ரிம்ஃபயர் தோட்டா, கையால் இழுத்துத் தள்ளும் போல்ட், முனையில் சைலன்ஸர் மாட்ட மரை. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. 1887ல் அமெரிக்காவில் வந்த பாயின்ட் 22 லாங் ரைஃபிள் தோட்டாவின் ஈயக் குண்டு சுமார் 2.6 கிராம்தான். உதை கிடையாது, விலை மலிவு, சிறு பிராணியின் இறைச்சியைச் சிதைக்காது. தோட்டாவின் அடிப்பகுதியில் இருக்கும் விளிம்பில் ஊசி அடித்ததும் மருந்து பற்றிக்கொள்கிறது. அதனால்தான் ரிம்ஃபயர் என்ற பெயர். போல்ட் வகையில், சுடுபவர் தானே இழுக்கும்வரை அறை மூடியே இருக்கிறது. தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியில் எழும் கடகட சத்தமும் பின்பக்கமாகக் கசியும் வாயுவும் இதில் இல்லை. மீதி இருப்பது முனைச் சத்தம். அதற்குத்தான் மரையும் சைலன்ஸரும்.

ஃபின்லாந்து, நார்வே, நியூசிலாந்து போன்ற நாடுகளில் வேட்டைக்காரர்கள் சைலன்ஸர் மாட்டுவது சர்வசாதாரணம். தன் காதுக்குப் பாதுகாப்பு, பக்கத்துப் பண்ணைக்காரருக்குத் தொந்தரவு இல்லை என்பது அங்கே சொல்லப்படும் நியாயம். அமெரிக்காவில் 1934 முதல் ஒவ்வொரு சைலன்ஸருக்கும் 200 டாலர் வரி இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்யமாகிவிட்டது; பதிவு செய்யும் நடைமுறை மட்டும் தொடர்கிறது. அந்த ஊர் வழிகாட்டிகளைப் படித்துவிட்டு, இங்கேயும் அதே துப்பாக்கி கிடைக்குமா என்று கேட்கும் இளைஞர்கள் பெங்களூரில் இருக்கத்தான் செய்வார்கள். சம்பளம் இருக்கிறது, வார இறுதி இருக்கிறது, ஒன்றரை மணி நேரத்தில் காடும் இருக்கிறது.

சைலன்ஸர் என்ற சொல் தமிழருக்குப் புதிதல்ல. மோட்டார் பைக்கின் வயிற்றுக்குக் கீழே சூடாகத் தொங்குவதும் அதன் தம்பிதான். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மாக்ஸிமின் மகன் ஹிராம் பெர்ஸி மாக்ஸிம் 1909ல் துப்பாக்கி சைலன்ஸருக்குக் காப்புரிமை வாங்கினார். தத்துவம் எளிது. தோட்டா வெடித்ததும் குழல் முனையிலிருந்து சூடான வாயு ஒரே மூச்சில் வெளியே பாய்கிறது; அந்தப் பாய்ச்சல்தான் 'டுமீல்'. வாயுவைச் சில அறைகளில் சுற்றவிட்டு, ஆற்றி, மெதுவாக வெளியேற்றினால் சத்தம் குறைகிறது.

குறைகிறது, அவ்வளவுதான். சினிமாவில் வரும் 'புஸ்' எல்லாத் துப்பாக்கிக்கும் கிடைப்பதில்லை. குண்டு ஒலியை மிஞ்சிப் போனால் காற்றைக் கிழிக்கும் சாட்டையடிச் சத்தம் வழியெல்லாம் கேட்கும். அதை எந்தக் குழாயாலும் அடக்க முடியாது. ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். வேகமான பாயின்ட் 22 தோட்டா அதைத் தாண்டிவிடும்; வேகம் குறைந்த வகை 320 மீட்டர் அளவிலேயே நின்றுகொள்ளும். மெதுவான குண்டு, மூடிய போல்ட், சைலன்ஸர் மூன்றும் சேர்ந்தால் பாயின்ட் 22 உண்மையிலேயே அடங்கிப் போகிறது. சிறிய துப்பாக்கிகளில் மிக நன்றாக ஊமையாகக்கூடியது இதுதான். வெளிநாட்டு வேட்டைக்காரரை ஈர்ப்பதும், இந்தியச் சட்டத்தை உறுத்துவதும் இந்த ஒரே குணம்தான்.

பெங்களூரில் இந்தத் தேடல் மூன்று கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது: வேட்டை, சைலன்ஸர், ரைஃபிள். முதல் இரண்டு சாத்தப்பட்டு விட்டன. மூன்றாவது, பலருக்குத் தெரியாமலே, ஓரளவு திறந்திருக்கிறது.

வேட்டைக் கதவு எப்போதும் சாத்தியிருந்ததல்ல. மைசூர் சமஸ்தானம் 1901லேயே வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டு வந்தது. அதாவது அனுமதியோடு சுடலாம். அந்தக் காலத்துப் பெங்களூரின் பிரபல வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன். 1910ல் பிறந்து 1974ல் மறைந்த அவர், விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஆட்கொல்லிகளைத் தேடிப் போனார். 1954ல் வந்த அவருடைய முதல் புத்தகத்தில் வரும் ஜவளகிரியும் கும்ளாபுரமும் இன்று தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கின்றன. அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், பெரிய மிருகத்துக்கான பெரிய துப்பாக்கி. பிற்காலத்தில் அவரே துப்பாக்கியைக் குறைத்துக்கொண்டு கேமராவின் பக்கம் சாய்ந்தார்.

1972ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒரே வீச்சில் எல்லாவற்றையும் தடுத்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அந்தச் சட்டத்தின் முதல் வடிவத்தில் 'சிறு வேட்டை உரிமம்' என்றே ஒன்று இருந்தது. விசேஷ வேட்டை, பெரு வேட்டை, சிறு வேட்டை என்று மிருகங்களைத் தனித்தனி அட்டவணைகளில் பிரித்திருந்தார்கள். முயல் சிறு வேட்டைப் பட்டியலில் இருந்தது. உரிமம் வாங்கி, கணக்குக் காட்டி, காலவரம்புக்குள் சுடலாம் என்பது ஏட்டில் 19 ஆண்டுகள் நீடித்தது. 1991ல் வந்த திருத்தம்தான் அந்த உரிமங்களை அடியோடு எடுத்தது. அதன் பிறகு இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டை என்று ஒன்று கிடையாது. பெரியது, சிறியது என்ற பேதமும் இல்லை. முயலைச் சுட்டாலும் 2022ன் திருத்தப்படி 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரணாலயத்துக்குள் என்றால் இன்னும் கடுமை. ரைஃபிளா, உரிமம் வேண்டாத ஏர் கன்னா, கவண் கல்லா என்பது பொருட்டல்ல. சுடும் கருவிக்கு அனுமதி தேவையில்லை என்பதால் சுடப்படும் பிராணிக்குப் பாதுகாப்பு இல்லை என்று ஆகிவிடாது.

இரண்டாவது கதவு இன்னும் கெட்டியானது. 1959ன் ஆயுதச் சட்டம் துப்பாக்கி என்பதற்கு விளக்கம் சொல்லும் இடத்திலேயே, சுடும் சத்தத்தையோ தீப்பொறியையோ குறைப்பதற்காகச் செய்யப்பட்ட துணைக்கருவியும் துப்பாக்கிதான் என்று எழுதிவைத்திருக்கிறது. ஒரு குண்டைக்கூடச் சுட முடியாத வெற்று உலோகக் குழாய், சட்டத்தின் கண்ணில் முழுத் துப்பாக்கி. விதிகள் அதை முதல் பிரிவில், தடை செய்யப்பட்ட ஆயுதங்களுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கின்றன. சாதாரண லைசென்ஸ்காரர் எட்டிப் பிடிக்கக்கூடிய இடமல்ல அது.

மரையின் கதை சற்று வேறு. சட்டத்தின் வாசகம் சைலன்ஸரைத்தான் பெயர் சொல்லிப் பிடிக்கிறது. வெளிநாட்டிலிருந்து எப்போதோ வந்த பழைய ரைஃபிள் ஒன்றின் முனையில் தொழிற்சாலையே போட்ட மரை இருக்கக்கூடும். அதனாலேயே அது சைலன்ஸர் ஆகிவிடாது. ஆனால் இந்த ஊரில் அந்த மரைக்கு வேலையில்லை. வேலையில்லாத ஒன்றுக்காக அதிக விலை கொடுப்பது வீண். பட்டறையில் கொடுத்துப் புதிதாக வெட்டிக்கொள்வதோ ஆபத்து.

காதுக்குக் கேடு இல்லாத, ஊருக்குத் தொந்தரவு தராத கருவி என்று ஃபின்லாந்து நினைப்பதை இந்தியா ஏன் ஆயுதமாகவே பார்க்கிறது? பதில் நகரத்தில் இல்லை, காட்டு ஓரத்தில் இருக்கிறது. பன்னேர்கட்டாவிலிருந்து தெற்கே தளி, ஜவளகிரி, அஞ்செட்டி வழியாகக் காவிரிக் கரை வரை காடு ஏறக்குறையத் தொடர்ச்சியாகப் போகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம். அந்தப் பக்கம் 2014ல் அறிவிக்கப்பட்ட தமிழ்நாட்டின் காவிரி வடக்கு சரணாலயம். இத்தனை பெரிய பரப்பில் ரோந்து போகும் வனக் காவலர்களுக்கு இரவில் கண் உதவாது. காதுதான் உதவும். தூரத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டால் எந்தப் பள்ளம், எந்த மேடு என்று பழகிய காவலர் ஊகித்துவிடுவார். மலையோர கிராமத்தில் திண்ணையில் படுத்திருக்கும் கிழவருக்குக்கூடத் தெரிந்துவிடும். அந்தச் சத்தம்தான் காட்டின் சாட்சி. சைலன்ஸர் அடக்குவது துப்பாக்கியை அல்ல, அந்தச் சாட்சியைத்தான்.

வேட்டைக்கும் கள்ள வேட்டைக்கும் இடையே கோடு தெளிவாக இருக்கும் நாட்டில், வேட்டைக்காரர் எத்தனை சுட்டார் என்று கணக்குக் கேட்க ஆள் இருக்கும் நாட்டில், சத்தம் வெறும் சத்தம். சட்டப்படியான வேட்டையே இல்லாத நாட்டில், காட்டில் சத்தமில்லாமல் சுடுபவர் எதற்காகச் சுடுகிறார் என்ற கேள்விக்கு ஒரே பதில்தான். ஆக, ஒரே கருவி இரண்டு நாட்டில் இரண்டு பொருள் தருகிறது. வெளிநாட்டு வழிகாட்டியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாததற்குக் காரணம் சட்டத்தின் பிடிவாதம் மட்டுமல்ல.

'சிறு' என்ற சொல்லிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. யானையைக் கொன்றால் நாடே பேசும். முயலைச் சுட்டால், ஒரு முயல்தானே என்று தோன்றும். அந்த ஒரு முயலை நம்பித்தான் பெங்களூரைச் சுற்றியுள்ள குன்றுகளில் சிறுத்தைகள் இருக்கின்றன. சிறுத்தை மானுக்காகவே காத்திருக்கும் மிருகம் அல்ல. முயல், மயில், குரங்கு, எது அகப்பட்டாலும் அதற்குச் சாப்பாடு. குன்றில் சிறு இரை குறைந்தால் கிராமத்தில் ஆடும் நாயும் இருக்கின்றன. சிறுத்தைக்கும் நகரத்துக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு குறைந்துவிட்டது என்பதை 2016 பிப்ரவரியில் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பள்ளிக்குள் சிறுத்தை நுழைந்தபோது பெங்களூர் பார்த்தது. 2023 இறுதியில் கூட்லு பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே அலைந்த இன்னொரு சிறுத்தை, பிடிக்கும் முயற்சியில் செத்துப்போனது. இவை முயல் குறைந்ததால் நடந்தவை என்று சொல்லிவிட முடியாது. குவாரி, சாலை, வீட்டுமனை என்று காரணங்கள் பல. ஆனால் நெருக்கடியில் இருக்கும் ஒரு மிருகத்தின் தட்டிலிருந்து எடுப்பதற்கு 'சிறு வேட்டை' என்று பெயர் வைப்பது பொருந்தாது.

இந்தத் தடையால் இழந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இழக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சிவில் லைன்ஸ் பங்களாவில் இருந்தவருக்குப் போனது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. நரிக்குறவர்களுக்குப் போனது சோறு. நாட்டுத் துப்பாக்கியும் கண்ணியுமாகக் காடை, கௌதாரி, முயல் பிடித்து வாழ்ந்த அவர்கள், பாசிமணி ஊசிமணிக்கு மாற வேண்டியதாயிற்று. பழங்குடிப் பட்டியலில் தமிழ்நாட்டு நரிக்குறவர்கள் சேர்க்கப்பட்டது 2023ன் தொடக்கத்தில்தான். கர்நாடகத்தில் அவர்களைப் போலப் பறவை பிடித்து வாழ்ந்த ஹக்கிபிக்கி மக்கள் பன்னேர்கட்டா அருகே உட்பட பல இடங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். மூலிகைத் தைலம் விற்கும் தொழிலுக்கு மாறிய அவர்களில் சிலர் அதற்காக ஆப்பிரிக்கா வரை போனார்கள். 2023 ஏப்ரலில் சூடானில் சண்டை மூண்டபோது அங்கே சிக்கிக்கொண்ட இந்தியர்களில் ஹக்கிபிக்கிகளும் இருந்தது செய்தியானது. வயிற்றுப்பாட்டுக்குப் பிடித்தவர்களே விட்டுக்கொடுத்த உரிமையை, வார இறுதிப் பொழுதுபோக்குக்காக ஐ.டி. இளைஞர் திரும்பக் கேட்பது எடுபடாது.

விவசாயியின் வாதம் வேறு. அதற்குக் கனம் உண்டு. ராகியையும் நிலக்கடலையையும் காட்டுப்பன்றி ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகிறது. அதற்கான வழியைச் சட்டம் அடைக்கவில்லை. 2015-16ல் பீகார், உத்தராகண்ட், இமாசலம் ஆகிய மாநிலங்களின் சில பகுதிகளில் சில விலங்குகளைத் தொல்லை விலங்குகளாக மத்திய அரசு குறிப்பிட்ட காலத்துக்கு அறிவித்தது. கேரளம் 2022ல் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று அறிவித்தது. எங்குமே அனுமதி அரசு வழியாகத்தான் வருகிறது. பாயின்ட் 22க்கு இதில் பங்கே இல்லை. 2.6 கிராம் ஈயம் பன்றியைக் கொல்வதைவிடக் காயப்படுத்தி ஓடவிடுவதற்கே வாய்ப்பு அதிகம். காயம்பட்ட பன்றி அடுத்த நாள் காலையில் யாரைச் சந்திக்கும் என்று சொல்ல முடியாது.

குடகைக் காட்டி, அங்கே மட்டும் எப்படி என்று கேட்பவர்களும் உண்டு. குடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் துப்பாக்கி லைசென்ஸிலிருந்து விலக்கு பிரிட்டிஷ் காலத்திலிருந்து தொடர்கிறது. அந்த விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதை எதிர்த்த வழக்கில் 2021ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்றது. கைல்போத் பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜை செய்கிறார்கள். ஆனால் விலக்கு லைசென்ஸுக்கு மட்டும்தான். வனவிலங்குச் சட்டம் மடிக்கேரியிலும் அதேதான்.

மூன்றாவது கதவுக்கு வரலாம். இந்தியச் சட்டம் ஓரளவு கனிவாகப் பார்க்கும் ரைஃபிள் ஒன்று உண்டென்றால் அது பாயின்ட் 22தான். அங்கீகரிக்கப்பட்ட ரைஃபிள் கிளப் அல்லது சங்கத்தின் உறுப்பினர் குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்காகக் கேட்டால் பாயின்ட் 22 ரைஃபிளுக்கு உரிமம் வழங்கச் சட்டத்தின் 13வது பிரிவு தனியாக இடம் தருகிறது. ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது 2019 முதல் விதி. கிளப் உறுப்பினரின் பயிற்சி பாயின்ட் 22 அந்தக் கணக்கில் வராது. ஆக, பெங்களூர்க்காரர் பாயின்ட் 22 போல்ட் ரைஃபிளைத் தேர்ந்தெடுக்கலாம். காட்டுக்காக அல்ல, களத்துக்காக.

வரிசை முக்கியம். துப்பாக்கியைப் பார்த்துவிட்டு லைசென்ஸுக்கு அலைவது தலைகீழ் வழி. முதலில் கிளப்பில் சேர்ந்து அங்குள்ள ரைஃபிளில் சில மாதங்கள் சுட்டுப் பழக வேண்டும். ஆசை அதற்குள் அடங்கிவிட்டால் செலவு மிச்சம். அடங்காவிட்டால் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழுடன் விண்ணப்பிக்கலாம். பெங்களூர் நகரத்துக்குள் உரிமம் தருபவர் போலீஸ் கமிஷனர். விசாரணை, வீட்டில் பூட்டி வைக்க வசதி, கிளப் உறுப்பினர் சான்று எல்லாம் பார்ப்பார்கள். கிடைத்தால் 5 ஆண்டுக்குச் செல்லும்.

பிறகுதான் துப்பாக்கி. தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980களின் நடுவிலிருந்து ஏறக்குறைய நின்றுவிட்டது. புகழ்பெற்ற வீரர்களுக்கு மட்டும் சலுகை. ஆகவே சந்தையில் இருப்பவை பெரும்பாலும் அரசு ஆயுதத் தொழிற்சாலைத் தயாரிப்புகள், அல்லது தாத்தா காலத்து செக்கோஸ்லோவாகிய பிர்னோ, இங்கிலாந்து பி.எஸ்.ஏ. போன்றவை. ஐம்பது வயதான பிர்னோவைப் பலர் இன்னும் விரும்பித் தேடுகிறார்கள். பழையது வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது குழல் அல்ல, எண். ரைஃபிளில் பொறித்த எண்ணும் விற்பவரின் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது குழலின் உட்புறம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் சுழல் வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். துருப்பிடித்த குழி இருந்தால் எத்தனை எண்ணெய் போட்டாலும் திரும்பாது. முனை விளிம்பில் ஒரு சின்ன அடி பட்டிருந்தாலும் குண்டு நேராகப் போகாது. யாராவது அரைகுறையாக மரை வெட்ட முயன்ற அடையாளம் இருந்தால் தொடவே கூடாது. போல்ட் ஆட்டம் இல்லாமல் பூட்ட வேண்டும். விசை ஒரே சீராக, இழுபறி இல்லாமல் விட வேண்டும். கட்டை தோளுக்குப் பொருந்த வேண்டும். ஆறடிக்காரருக்குச் செய்த கட்டை ஐந்தடிக்காரரின் கழுத்தை ஒடிக்கும்.

கடைசியாகத் தோட்டா. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு நாக்கு உண்டு. ஒரு வகைத் தோட்டா பிடிக்கும், இன்னொன்று பிடிக்காது. கட்கி ஆயுதத் தொழிற்சாலைத் தோட்டாவா, விலை கூடிய வெளிநாட்டுப் போட்டித் தோட்டாவா என்பதை அந்த ரைஃபிளை ஒரே தாங்கியில் வைத்து, ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். இங்கே ஒரு வேடிக்கை. போட்டியாளர்கள் தேடிப் பிடிக்கும் தோட்டா பெரும்பாலும் ஒலியை மிஞ்சாத மெதுவான வகைதான். ஒலியின் வேகத்தைக் கடந்து இறங்கும்போது ஏற்படும் தள்ளாட்டம் அதில் இல்லை. வேட்டைக்காரர் சத்தத்துக்காகத் தேர்ந்தெடுப்பதை, விளையாட்டுக்காரர் குறிக்காகத் தேர்ந்தெடுக்கிறார். சத்தத்துக்கு அவரிடம் இருக்கும் மருந்து காதை மூடும் மஃப். சைலன்ஸர் இல்லாத பாயின்ட் 22 ரைஃபிளே 140 டெசிபல் பக்கம் போகக்கூடியது. சின்னத் துப்பாக்கிதானே என்று காதைத் திறந்து வைத்துச் சுடக் கூடாது.

அந்தச் சின்னத்தை வேறு விதத்திலும் நம்பக் கூடாது. பாயின்ட் 22 குண்டு ஒரு மைலுக்கு மேல் போகும். தண்ணீரிலும் பாறையிலும் பட்டால் எகிறும். ஏரிக்கரையில் டின் வைத்துச் சுடலாம் என்று நினைப்பவர், கரைக்கு அந்தப் பக்கம் புதிதாக எழும்பியிருக்கும் லேஅவுட்டையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் மண் மேடு இல்லாத இடம் சுடும் இடமல்ல.

களம் வேட்டைக்கு ஈடாகுமா என்று உதட்டைப் பிதுக்குபவர்களுக்கு ஒரு அளவு: 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவு. அதை நின்றும், மண்டியிட்டும், படுத்தும் அடிக்க வேண்டும். கையில் இருப்பது இதே பாயின்ட் 22 ரிம்ஃபயர், ஒவ்வொரு குண்டுக்கும் கையால் ஏற்ற வேண்டிய ரைஃபிள். 2012 லண்டனில் ஜாய்தீப் கர்மாகர் படுத்துச் சுடும் போட்டியில் நான்காவதாக வந்து பதக்கத்தை நூலிழையில் தவறவிட்டார். 2024 ஆகஸ்ட் 1ல் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளிகளோடு மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். ரயில்வே ஊழியரான அவர் மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர்ப் பக்கத்து கிராமத்துப் பிள்ளை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைஃபிளில் உலக அளவில் பதக்கங்கள் வாங்கியிருக்கிறார். இவர்கள் யாருக்கும் சைலன்ஸர் தேவைப்படவில்லை.

சிறு வேட்டைக்குச் சத்தமில்லாத ரைஃபிள் எது என்று கேட்பவருக்குப் பெங்களூரில் கடைக்காரர் சொல்லக்கூடிய நேர்மையான பதில், அப்படி ஒன்று இங்கே இல்லை என்பதுதான். மரையை மறந்துவிட்டு, நல்ல குழலும் நல்ல விசையும் உள்ள பாயின்ட் 22 ஒன்றை உரிமத்தோடு வாங்கி, கிளப்பில் சுட்டால் பத்து ஆண்டுக்குக் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது. முயல் பார்க்க வேண்டும் என்றால் ஜவளகிரிச் சாலையில் அந்தி நேரத்தில் காரை மெதுவாக ஓட்டினால் போதும். விளக்கொளியில் ஒரு நிமிடம் காதை நிமிர்த்தி நிற்கும். பிறகு புதருக்குள் போய்விடும்.